நேட்டாலும் மலாயாவும்

(ஆலங்குளத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆப்பிரிக்க தேசங்களிலும் கீழ்க்கடல் தேசங்களிலும் மக்களுடைய அன்றாட வாழ்க்கையும் யாத்திரையும் எவ்வாறுள்ளன என்பதை ஒப்பிட்டுப் பேச வேண்டுமென்று சங்கத்தார் பணித்தனர். பொருளோ கண்டமளவு பரந்தது. எகிப்தையும் காங்கோவையும் ஒரு மூச்சிலும், ஜாவாவையும் சீயத்தையும் மறு மூச்சிலும் பேசப் புகுந்தால், பூகோளப் பாடத்தை உரக்கப் படித்ததாக முடியும். அது பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் நிகழ்வதே. அதற்காக நீங்கள் இவ்வளவு பேர் வேலையை விட்டு வந்திருக்க வேண்டுவதில்லை. ஆதலின், தமிழ் மக்கள் மிகுதியாகச் சென்று குடியேறிய இரண்டு நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நேட்டால். மற்றொன்று முன்னாளில் மலாயா எனப்பட்டு இன்று மலேசியா என வழங்கும் நாடு. நம் இளைஞரிற் சிலர் இவ்விரு திசைகளிலும் வேலை தேடிப் புறப்படும் எண்ணத்தோடு இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்களை முன்னிட்டே பேசுகின்றோம்.

கீழ்க்கடல் தேசங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. பட்டினப்பாலையுள் வரும் காழகம் என்னும் பெயருக்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் உரைத்தார். மணிமேகலை சாவக நாட்டுக்குச் சென்ற வரலாறு தமிழ் பயின்றார் அனைவரும் அறிந்ததே. முதலாம் இராசேந்திரன் 1025-ம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேற் படை செலுத்தினான். கொடுக்கல் வாங்கல் மொழியிலும் நிகழ்ந்தது. மலாய் மக்கள் இன்றும் கப்பலைக் ‘கப்பால்’ என்றும், கடையைக் ‘கெடாய்’ என்றும், குளத்தைக் ‘கோலம்’ என்றும் வழங்குகின்றனர். ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கோ நாம் பயின்ற பழைய நூல்களில் ஒரு பெயர்தானும் இல்லை. அங்கே நம்மவர் வணிகராகச் செல்லவில்லை. முறிச்சீட்டில் கைந்நாட்டிட்ட கூலிகளாகவே சென்றனர்.

1860-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னைத் துறையினின்று புறப்பட்டது. சற்றேறக்குறைய ஐந்து வாரம் கடலில் கழித்து, நவம்பர் 16-ம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் 340 பேருக்குக் குறையாமல் இருந்தனர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் தொகை 1,52,000-க்கு மேற்பட்டது. அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து ஏறியவர். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதி ஒன்றே அந்நாட்டில் நம்மவர் குடும்பம் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதைக் காட்டப் போதும்.

மலாயா யாத்திரை வேறு வகைப்பட்டது. நாகப்பட்டினத்தில் ஏறியவன் ஒரு வாரத்திற்குள் பினாங்கைக் காண்பான். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பலை உங்களுள் முதியோர் சிலர் அறிந்திருப்பர். தொடக்கத்தில் மேல்தட்டுப் பிரயாணிகள் ஐயாயிரவருக்கு மேல் ஏற்றிச் செல்ல உரிமை பெற்றிருந்தது அக்கப்பல். பாய் விரித்த இடமே வீடு, தகரப்பெட்டியே சுவர். பக்கத்துப் பாயில் யார், எக்குலத்தார் என்று கேட்டுக் கொண்டிருக்கக் கடல் இடங்கொடாது. பினாங்குக்கருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாள் வைத்திருந்து, பின்னரே கூலிகளைத் தோட்டங்களுக்கு அனுப்பினர். ரஜூலா 1973 வரை ஓடிற்று. ஐம்பதாண்டுக்குச் சிறிது குறையத் தந்தையும் மகனும் பேரனும் அதே தட்டில் படுத்துப் போய்வந்தனர் என்றால் அது மிகையன்று.

போய்வந்தனர் என்னும் இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரு நாட்டு வாழ்வுக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இதனுள் அடங்கும் என்பது நம் கருத்து.

நேட்டாலில் ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கொரு ஷில்லிங் உயரும். அரிசியும் பருப்பும் படியாக அளப்பர். எழுத்து மூலமான விடுப்புச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே சென்றால் சிறை. ஒப்பந்தம் தீர்ந்து சுயேச்சையாக வாழப் புகுந்தோர் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டுக் கூடையிற் சுமந்து வீடுவீடாக விற்றனர். டர்பன் குடாவில் மீன் பிடித்தனர். இவ்வாறு தம் காலில் நிற்கத் தொடங்கியதே வெள்ளையர்க்குப் பொறாமையாயிற்று. 1895-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருப்போர் தலைக்கு ஆண்டொன்றுக்கு 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென்றனர். மாதம் பதினான்கு ஷில்லிங் வாங்கியவனுக்கு இது நான்கு மாதக் கூலிக்கு மேல். பதினாறு வயது மகனுக்கும், பதின்மூன்று வயது மகளுக்குங்கூடத் தனித்தனியே இவ்வரி உண்டு. வயது வந்த பெண்ணை வரி கொடுத்து வீட்டில் வைத்திருந்த தகப்பன் உலகில் வேறெங்கேனும் உண்டோ, அறியோம்.

1913 மார்ச்சு மாதத்தில் நீதிபதி ஸெர்ல் என்பவர், கிறிஸ்தவ முறைப்படி நிகழாத, பதிவும் பெறாத விவாகங்கள் அந்நாட்டில் செல்லா எனத் தீர்ப்பளித்தார். மஞ்சட்கயிறு கட்டிய மனைவியர் யாவரும் ஒருநாட் காலையில் மனைவியர் அல்லராயினர்! அதன் பின்னரே பெண்டிர் காந்தியடிகளின் அறப்போரில் திரளாகப் புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை ஜோஹானஸ்பர்க் நகரிற் பிறந்து, தில்லையாடியை ஒருநாளும் காணாமலே சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22-ம் நாள் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே 3 பவுன் வரி நீங்கிற்று.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் எடுபட்டது. கங்காணி முறை வலுத்தது. கங்காணி வேற்றான் அல்லன். உறவினன், ஊரினன், சில சமயம் கடன் கொடுத்தவன். சட்டத்தின் கட்டு தளர்ந்தது; உறவின் கட்டு இறுகியது. விடியுமுன் தப்புச் சத்தத்தோடு பெரட்டுக்கு நிற்றல். வெயில் ஏறுமுன் ரப்பர் மரங்களைச் சீவுதல். பாலை வாளிகளில் சேர்த்து நிறுவைக்குக் கொணர்தல். மாலையில் லயத்து வாசலில் பேச்சும், கள்ளுக்கடையும். 1930-க்கு முன் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது. அவ்வாண்டில் வந்த விலை வீழ்ச்சியால் 40-ம் 32-ம் ஆயிற்று. கள்ளுக்கடையைத் தோட்டத்தின் நடுவே வைத்தது யார் நன்மைக்கு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள், துரை எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு இதையும் கேட்டனர் என்பதை நம் ஊர்ப் பெரியோர் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்கள் இருந்தன அல்லவா?

பின்னர் ஜப்பானியர் வந்தனர். 1942-லும் 1943-லும் சீயத்திற்கும் பர்மாவிற்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடுவதற்குத் தோட்டங்களிலிருந்து நம்மவரைக் கொண்டு சென்றனர். பல்லாயிரவர் மீளவில்லை. போர்க் கைதிகளாய் இறந்த வெள்ளையர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள. இறந்த தமிழருக்குப் பெயர்ப்பட்டியல்தானும் முழுமையாக இல்லை.

இனி மொழியைப் பற்றிச் சொல்லுவோம். நம் தொழில் அதுவாகையால் சிறிது நின்று பேசுவதைப் பொறுத்தருள்க. மலேசியாவில் இன்று 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் அரசாங்க ஏற்பில் நடைபெறுகின்றன. பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816-ல். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மாட்டுத்தொழுவம் போன்ற கொட்டகையில், கிராணியே வாத்தியாராக இருந்து நடத்திய பள்ளிகளும் அவற்றுள் உண்டு. ஆயினும் அகரம் எழுதக் கற்றனர். பிள்ளையின் பெயருக்குப்பின் தந்தையின் பெயரை மலாய்ச் சொல்லால் இணைத்து எழுதும் வழக்கத்தால், ‘முருகன் அனாக் லெலாக்கி கருப்பையா’ என்று தலைமுறைதோறும் தமிழ்ப் பெயர் தொடர்கின்றது. கோலாலம்பூருக்கு அருகே மலாயர் ‘பத்து’ எனச் சொல்லும் கல்மலையை நம்மவர் எண்ணாக்கிப் பத்துமலை என்றனர். தம்புசாமிப் பிள்ளை அவர்கள் அங்கே முருகனை எழுந்தருளச் செய்தார்கள். இலக்கணப்படி பிழையே, ஆயினும் இத்தகைய பிழை செய்வதற்கு மொழி உயிரோடிருக்க வேண்டும்.

நேட்டாலில் காவடி உண்டு, தீமிதி உண்டு, கருவேப்பிலை மரம் வீட்டுக்கு வீடு உண்டு. மொழி மட்டும் வீட்டை விட்டு நீங்கிற்று. பெயர்களும் உருமாறின. கப்பற் பதிவேட்டில் எழுதிய சாதிப்பெயர் குடும்பப் பெயராகி, கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயினர். முதலியார் ‘மூட்லி’ ஆயினர். இதற்குக் காரணம் அவர் அன்பின்மை அன்று. 1911-ல் ஆளேற்றுதல் நின்றது. 1913-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் கதவு ஏறக்குறைய அடைபட்டது. 1946-ல் இந்திய சர்க்கார் அந்நாட்டோடு வியாபாரத்தை நிறுத்திற்று. நிறவெறியைக் கண்டித்து, தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று நம் பாஸ்போர்ட்டுகளில் பொறித்திருந்தனர். அது நேரிய செயலே. 1993-ல் தூதுறவு மீண்டும் மலரும் வரை அங்குள்ளார்க்குப் புதிதாக ஊரிலிருந்து வரும் மாமனும் இல்லை, மருமகளும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஆற்று நீர் வரத்து நின்ற கண்மாய் எத்தனை கோடைக்குத் தாங்கும்? ஆயினும் அந்நாட்டு 1996-ம் ஆண்டு அரசியற் சட்டத்தில், பேணத்தக்க மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் பெயர் சொல்லப்பட்டுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து முதிய தம்பதியர் இருவர் இவ்வூருக்கு வந்தனர். அவர் கையில் கப்பற் பதிவேட்டின் நகல் ஒன்று இருந்தது. பாட்டனின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உடம்பிலுள்ள தழும்பு யாவும் அதில் இருந்தன. ‘திருநெல்வேலி ஜில்லா, ஆலங்குளம்’ என்றும் இருந்தது. தாலுகாவின் பெயரோ ஆங்கில எழுத்தரின் கையிற் சிதைந்து இன்னதென்று புலப்படவில்லை. இப்போது தென்காசி ஜில்லாவிலுள்ள ஆலங்குளத்தில் தேடியலைந்து, பின் இங்கு வந்தனர். 1910-ல் இராமநாதபுரம் ஜில்லா அமையும் வரை நம் பக்கத்துச் சாத்தூர்த் தாலுகாவும் திருநெல்வேலியைச் சேர்ந்ததே. ஆகவே ஐயத்துக்கு இடமுண்டு. நாமும் இரண்டு நாள் அவரோடு தெருத்தெருவாகச் சென்றோம். பெரியவருக்குத் தமிழ் வரவில்லை. அம்மையாருக்குச் சமையலறைச் சொற்கள் மட்டும் வந்தன. ஒரு வீட்டில் வரவேற்று மோர் கொடுத்தனர். பெயரும் ஒருவாறு பொருந்துவதுபோல் இருந்தது. அப்போது அவ்வீட்டார், “உங்கள் பிள்ளைகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டனர். மகன் தெலுங்குப் பெண்ணை மணந்தான், மகள் குஜராத்தி ஒருவரை மணந்தாள் என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். அதன்பின் அவ்வீட்டார்க்குப் பழைய செய்தி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நாமே அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று ஏற்றிவிட்ட கப்பலில் சென்றவனுடைய வழியினரிடம் குலத்தூய்மை கேட்பது நமக்கு அழகாகத் தோன்றவில்லை. சங்கத்தின் முன்னிலையில் இதைச் சொல்லுவது பொருந்தும் என்றே சொல்லுகின்றோம்.

இங்கிருந்து சுமந்து சென்ற ஏற்றத்தாழ்வு அங்கே வேறு உருவமும் கொண்டது. 1949 ஜனவரியில் டர்பனில் ஜூலு மக்களுக்கும் இந்தியருக்கும் மூண்ட கலகத்தில் 142 பேர் மாண்டனர். ஒருவர்மீது ஒருவரைப் பகைக்க வைத்தது வெள்ளையர் ஆட்சி என்பது உண்மை. கடை வைத்த நம்மவருள் சிலர் கறுப்பரை மதியாது நடந்தனர் என்பதும் உண்மை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு இன்று வேலைக்குச் செல்லும் இளைஞர், அந்நாட்டாரை இகழும் பேச்சை ஊரிலேயே விட்டுச் செல்லுவாராக.

இக்காலத்தில் திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் சேரலாம். டர்பனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நேர் விமானம் இல்லை. இடையில் இறங்கி மாறிச் செல்ல வேண்டும். கங்காணி மறைந்தான் என்று எண்ணற்க. 2022-ல், தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் சிலர், எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி வருத்தப்பட்டனர். அரசாங்கத்தார் முயன்று மீட்டனர். அவ்விளைஞர் எழுத்தறியாதவர் அல்லர். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசாங்கப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா, தாய்லாந்து முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். சுற்றுலாச் சீட்டிற் போய்ப் பின்பு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுபவன் உறவினனேயாயினும் அவன் சொல்லை ஏற்கற்க. உறவினன் என்பதற்காகவே நம்பிச் சென்றவர் கதையைத்தான் இதுவரை சொன்னோம்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வெளிநாடு செல்லும் நம்மவர் ஒவ்வொருவருடைய பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா, செல்லும் நாடு, முகவரின் பதிவெண், வேலை கொடுப்பவர் முகவரி ஆகியவற்றைத் தமிழில் எழுதிவைக்க ஒரு புத்தகம் ஏற்படுத்துக. அதே புத்தகத்தின் மறுபாதியில், கடல் கடந்த நாடுகளிலிருந்து வேர் தேடி வருவோர் கொணரும் விவரங்களை, அவர் யாரை மணந்தார் என்று வினவாது, எழுதி வைக்குக. முதற்பக்கத்தில் எழுதுவதற்கு அந்த டர்பன் பெரியவருடைய காகித நகல் ஒன்று நம்மிடம் உள்ளது. இக்கூட்டம் முடிந்ததும் காரியதரிசி அவர்களிடம் ஒப்புவிப்போம்.