கைபோனில் இருக்கட்டும் நம் கணக்கு

(சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில், சங்க அமைப்பாளரான ஆசிரியை ஆற்றிய உரை.)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். வரும்போது போனையும் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போன் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து உட்காருங்கள்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் எங்கள் காம்பராவின் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். அரைப்பேர் விழுந்தால் அரைக்கோடு. ஒரு மாதம் சுவரில் இருபத்திரண்டு கோடு இருந்தது. சம்பளச் சிட்டையில் பத்தொன்பது பேர்தான் இருந்தது. அம்மா ஆபிசுக்குப் போய்க் கேட்டார். செக்ரோலைத் திறந்து காட்டி, "உன் கணக்கு எங்கே?" என்று கேட்டார்கள். "சுவரில் இருக்கிறது" என்றார் அம்மா. அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று நாள் சம்பளம் போனது போனதுதான்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்கு எழுதத் தெரியும். திகதி போட்டு என் கொப்பியில் எழுதி வைக்கலாம் என்ற யோசனை எனக்கும் வரவில்லை. அது இன்றைக்கும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நமது சனங்களிடம் எப்போதும் கேட்கப்பட்டது ஆதாரம்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா, பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். லயத்தில் பிறந்தவர்களிடம் பதிவுக் கடதாசி எங்கே இருந்தது? உழைத்தது உண்மை, பிறந்தது உண்மை, காட்டக் கடதாசி இல்லை. நாடற்றவர்களாக நின்றோம். அதனால்தான் சொல்கிறேன், நமது கையில் இருக்கிற இந்தப் போன் பாட்டுக் கேட்பதற்கும் நாடகம் பார்ப்பதற்கும் மட்டும் இருந்தால் போதாது. நமது ஆதாரம் அதில் இருக்க வேண்டும். அதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. ஐந்து இலவசச் செயலிகள் போதும். அநேகமானவை உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலாவது, வட்ஸ்அப். இது எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் வட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. புதிய செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள். வருகிற பட்டியலின் மேற்பக்கத்தில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கும். அதைத் தொடுங்கள். அதுதான் இனி உங்கள் கொப்பி.

கொழுந்து நிறுத்ததும், எழுதத் தெரிந்தவர்கள் "காலை 7, பகல் 9, பின்னேரம் 6" என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். கூடைக்கும் தண்ணிக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். முழுப்பேரா, அரைப்பேரா, அதையும் சொல்லுங்கள். திகதியும் நேரமும் தானாகவே விழும். அம்மா கரியால் போட்ட கோட்டில் திகதி இருக்கவில்லை. இதில் இருக்கும். அன்றன்றைக்குப் பதிவதுதான் முக்கியம். மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து மொத்தமாகச் சொன்னால் அதற்குப் பெறுமதி இல்லை.

இரண்டாவது, கல்குலேட்டர். சிரிக்காதீர்கள். சம்பளச் சிட்டையை வாங்கி மடித்து வைத்துவிடுகிறோமே தவிர, அதைக் கூட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு கணக்கைச் சேர்ந்தே போடுவோம். 2024இல் சம்பள நிர்ணய சபை மூலம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதை வைத்தே போடுவோம். நீங்கள் வீட்டில் போடும்போது உங்கள் சிட்டையில் உள்ள தொகையைப் போடுங்கள். இருபது நாள் வேலை என்றால் 1,350ஐ 20ஆல் பெருக்குங்கள். 27,000 வருகிறதா? இப்போது ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் கழிப்பது 8 வீதம். 27,000 போட்டு, பெருக்கல் குறி போட்டு, 8 போட்டு, வீதக் குறியை அழுத்துங்கள். 2,160 ரூபாய். இதைத்தான் சிட்டையில் காட்டுகிறார்கள். இதற்கு மேல் நிர்வாகம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். அது 3,240 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் 5,400 ரூபாய் உங்கள் பெயரில் விழ வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். அது 810 ரூபாய். அதை நமது சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

இப்போது இரண்டு பேர் குறைந்துவிட்டது என்று வையுங்கள். சம்பளத்தில் 2,700 ரூபாய் போனது மட்டும் நமக்குத் தெரிகிறது. சேமலாப நிதியில் 540 ரூபாய் விழாமல் போனது தெரிவதில்லை. வயதான காலத்தில்தான் அது தெரியும். அப்போது கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பெருநாள் முற்பணம், தேயிலைத் தூள், கோயில் காசு என்று கழிவுகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். சங்கச் சந்தாவையும் சேர்த்தே பாருங்கள். நமது சங்கம் என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, கூகுள் ட்ரைவ். முக்கோணம் போல ஒரு படம் இருக்கும். அதில் கடதாசியை ஸ்கேன் செய்கிற வசதி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் உள்ள கடதாசி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, மாதாமாதம் சம்பளச் சிட்டை எல்லாவற்றையும் இதில் போட்டு வையுங்கள். ஒரு கணக்குக்கு 15 ஜீபி இடம் இலவசம். கடதாசிக்கு அது தாராளம்.

மூலப்பிரதிக்குப் பதில் ஸ்கேன் பிரதியை எல்லா இடத்திலும் ஏற்கமாட்டார்கள். ஆனால் மூலப்பிரதி தொலைந்தால், பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் புதிதாக எடுப்பது சுலபம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தபோது லயங்கள் அப்படியே புதைந்தன. ஆட்களோடு, அந்த வீடுகளில் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்ததும் மண்ணுக்குள் போனது. தகரப் பெட்டியில் மட்டும் வைத்திருப்பது பத்திரம் என்று மலைநாட்டில் நாம் இனியும் நினைக்க முடியாது.

இதோடு ஒரு விஷயம். ட்ரைவ் திறப்பதற்கு ஜீமெயில் கணக்கு வேண்டும். நம்மில் பலருக்குப் போன் வாங்கிய கடையில் இருக்கிற தம்பிதான் ஜீமெயில் திறந்து கொடுத்திருப்பார். பாஸ்வேர்ட் அவருக்கும் ஞாபகம் இல்லை, நமக்கும் தெரியாது. போன் உடைந்தால் உள்ளே இருப்பதைத் திருப்பி எடுப்பது கஷ்டம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். உங்கள் கையாலேயே பாஸ்வேர்டை மாற்றி, வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைக்கப் பழக்கித் தருகிறேன். எனக்கும் அதைச் சொல்லக் கூடாது.

நான்காவது, கூகுள் ட்ரான்ஸ்லேட். சிட்டையும் வங்கிக் கடிதமும் ஆங்கிலத்தில் வந்தால் யாரைக் கேட்பது என்று நிற்கிறோம். இந்தச் செயலியில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்று வைத்து, கமெராவைக் கடதாசிக்கு மேலே பிடியுங்கள். தமிழில் காட்டும். ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் தமிழில் வாசித்தும் காட்டும். ஆஸ்பத்திரியிலோ பொலிசிலோ சிங்களம் மட்டும் பேசுகிறவர் இருந்தால், தமிழுக்கும் சிங்களத்துக்கும் என்று வைத்து மைக்கில் பேசலாம். அதற்குச் சிக்னல் வேண்டும். நீட்டிப் பேசாமல் சின்னச் சின்ன வசனமாகப் பேசுங்கள்.

ஆனால் இது பிழை விடும். விஷயம் என்ன என்று பிடித்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எத்தனை குளிசை என்பதற்கும், கையெழுத்துப் போடுவதற்கும் இதை நம்ப வேண்டாம். கையெழுத்துக் கேட்டால், "சங்கத்தில் காட்டிவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஐந்தாவது, கூகுள் மேப்ஸ். நமக்கு விலாசம் என்றால் மேல்பிரிவு, மூன்றாம் லயம். டவுனிலிருந்து வருகிற அம்புலன்ஸ் சாரதிக்கு அது எங்கே என்று எப்படித் தெரியும்? 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், பிரிவு, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், மூன்றையும் சொல்லுங்கள். பிறகு தொடர்புகொள்கிறவருக்கு வட்ஸ்அப் மூலம் நீங்கள் நிற்கிற இடத்தை அனுப்பலாம். இன்றைக்கே மேப்ஸில் நமது பகுதியை டவுன்லோட் செய்து, உங்கள் லயத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ வலி வந்த பிறகு பழக நேரம் இருக்காது. மழைக் காலத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. இலவசம் என்று வருகிற எல்லாம் இலவசம் இல்லை. "அடையாள அட்டை போதும், ஐந்து நிமிடத்தில் கடன்" என்று சொல்கிற செயலிகள் இருக்கின்றன. அவை முதலில் உங்கள் போனில் உள்ள எல்லா இலக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். காசு பிந்தினால் உங்கள் தம்பிக்கும், சம்பந்தி வீட்டுக்கும், பிள்ளையின் ஆசிரியருக்கும் அழைத்து மானத்தை வாங்கும். இரவு பத்து மணிக்கு எனக்கே அப்படி ஓர் அழைப்பு வந்தது. என் மாணவி ஒருத்தியின் அம்மாவைப் பற்றி. மறுநாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. ஆகவே எந்தச் செயலியும் தன் வேலைக்குத் தேவையில்லாத அனுமதியைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். டோர்ச் லைட்டுக்கு உங்கள் இலக்கங்கள் எதற்கு? பிளே ஸ்டோருக்கு வெளியே, வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் செயலியைப் போட வேண்டாம். போனுக்கு வருகிற ஓடீபி இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கியிலிருந்து என்று சொன்னாலும், சொல்ல வேண்டாம்.

கடைசியாக, இதைத் தனியாகச் செய்தால் என்ன, சேர்ந்து செய்தால் என்ன என்று சொல்லி முடிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பிரிவில் ஒன்பது பேர் ஒரு மாதம் முழுவதும் இப்படிப் பதிந்தார்கள். சம்பளம் வந்ததும் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டோம். மழை பெய்த இரண்டு நாட்களில் முழுப்பேர் விழ வேண்டிய இடத்தில் அரைப்பேர் விழுந்திருந்தது. ஒரு நாள் பற்றி ஒன்பது பேரின் பதிவும் ஒன்றாக இருந்தது. தலைவரோடு போய்க் காட்டினோம். செக்ரோலைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் திருத்திக் கொடுத்தார்கள். மற்ற நாள் பற்றி நான்கு பேர் பதியவே இல்லை, இரண்டு பேரின் பதிவு ஒன்றுக்கொன்று மாறாக இருந்தது. அந்த நாள் கிடைக்கவில்லை. அது நமது பிழை. ஒருவர் கேட்டால், "உனக்கு ஞாபகப் பிசகு" என்று சொல்லிவிடலாம். ஒன்பது பேருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஞாபகப் பிசகு வருமா?

ஆகவே நாளைக் காலையில் பெரட்டுக்குப் போகும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும். நிறுக்கிற இடத்தில் யாரோடும் சண்டை பிடிக்க வேண்டாம், யாரையும் வீடியோ எடுக்க வேண்டாம். உங்கள் நிறையை, உங்கள் பேரை, உங்கள் போனில் நீங்களே சொல்லி வையுங்கள். பழகக் கஷ்டமாக இருந்தால் வீட்டில் இருக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்கு நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், "அம்மா கேட்டால் சலிக்காமல் மூன்று முறை காட்டிக் கொடு" என்று.

அடுத்த சம்பளம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சிட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு இதே மண்டபத்துக்கு வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.

என் அம்மா இன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் என் போனில் மைக்கை அழுத்திப் பிடித்து முதன்முதலாக ஒன்று பதிந்தார். என்ன பதிந்தார் தெரியுமா? "இருபத்திரண்டு நாள்" என்று.