கணினிக்குக் காதொலிக் கருவி வாங்கும்போது

(குருபோங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் பக்கத்து வீட்டாரும் திண்ணையில் அமர்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. செய்தியும் பாட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஒலித்தன. இன்றோ வீட்டுக்குள் கணினி வந்துவிட்டது. அண்ணன் பாடம் கேட்கிறான், தங்கை கதை கேட்கிறாள், அப்பா விடியற்காலை பிரட்டுக்குப் போகவேண்டி முன்னிரவிலேயே படுத்துவிடுகிறார். ஆகவே ஒருவர் கேட்பது மற்றவரைத் தொல்லைப்படுத்தாதிருக்கக் காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் தேவைப்படுகிறது. அதனைக் குறைந்த பணத்தில், ஏமாறாமல் வாங்குவது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

குறைந்த பணம் என்று எதனைச் சொல்கிறோம்? 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதத்தில் 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம் வருகிறது. ஆகவே ஒரு நாள் கூலிக்குள் இந்தக் காரியத்தை முடிக்க முடியுமா என்று பார்ப்போம். முடியும் என்பதே நம் கருத்து. ஆனால் அந்தப் பணம் சரியான இடத்தில் விழவேண்டும்.

நாமே தவறான இடத்தில் பணத்தைப் போட்டவர்கள்தாம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டிலேயே நடைபெறத் தொடங்கிய வேளையில் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஹெட்போன் வாங்கினோம். பளபளப்பான பெட்டி, பக்கவாட்டில் வண்ண விளக்கு வேறு. மாட்டிப் பார்த்தால் ஆசிரியரின் குரல் கணீரென்று கேட்கிறது. பிள்ளையின் குரல் மட்டும் ஆசிரியரைச் சென்றடையவில்லை. நான்கு நாள் அந்தப் பிள்ளை கேள்விக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டே இருந்தது. மறுமுனையில் இருந்தவருக்கோ வெறும் மௌனம். நாம் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் என்பதால் ஒன்று சொல்கிறோம்: வகுப்பில் வாய் திறவாத பிள்ளையை, பாடம் தெரியாத பிள்ளை என்று எண்ணிக்கொள்வது ஆசிரியர்க்கு எளிதில் நேரும் பிழை. குறை பிள்ளையிடத்தும் இல்லை, ஆசிரியரிடத்தும் இல்லை. செருகியில் இருந்தது.

அந்தச் செருகியைப் பற்றி விரிவாகவே சொல்லியாக வேண்டும். கம்பியின் முனையில் இருக்கும் உலோகச் செருகியை உற்றுப் பாருங்கள். அதன் தண்டில் கறுப்பு வளையங்கள் இருக்கும். இரண்டு வளையம் இருந்தால் அது கேட்பதற்கு மட்டும் ஆனது. மூன்று வளையம் இருந்தால் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஆனது. இப்போது வீட்டுக் கணினியைப் பாருங்கள். மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரே துளைதான். மூன்று வளையச் செருகி அதற்குப் பொருந்தும். மேசைமேல் வைக்கும் பழைய கணினிகளில் பச்சை நிறத் துளை ஒன்றும் இளஞ்சிவப்பு நிறத் துளை ஒன்றும் தனித்தனியே இருக்கும். பச்சை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு. மூன்று வளையச் செருகியைப் பச்சைத் துளையில் செருகினால் கேட்கும், பேச்சு போகாது. நமக்கு நேர்ந்தது இதுவே. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்புக் கம்பி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிய அன்றே பிள்ளையின் குரல் வகுப்பில் கேட்டது.

துளை பழுதாகிவிட்ட கணினியாக இருந்தாலும் கவலை வேண்டாம். யூ.எஸ்.பி. வழி இணைக்கும் ஹெட்போன்கள் உள்ளன. கணினியின் ஒலிப்பகுதி செய்யவேண்டிய வேலையை அதனுள் இருக்கும் சிறு சில்லே செய்துகொள்ளும். ஏற்கெனவே நல்ல ஹெட்போன் கையில் இருக்கிறது, கணினியின் துளைதான் கெட்டது என்றால், விரல் அளவுள்ள யூ.எஸ்.பி. ஒலி இணைப்பி மட்டும் வாங்கினால் போதும். ஆக, கடைக்குப் புறப்படுமுன் கணினியின் துளைகளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டுவது ஆயிரம் விளக்கம் சொல்வதைவிட மேல்.

கம்பியில்லாத புளூடூத் கருவி பற்றிப் பலர் கேட்கிறீர்கள். பாட்டுக் கேட்க வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் பாடத்துக்கு வாங்குகிறவர்க்கு நாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. அதன் ஒலிவாங்கியைத் திறந்தவுடன், பெரும்பாலான மலிவுக் கருவிகளில், கேட்கும் ஒலியின் தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மின்னூட்ட மறந்தால் வகுப்பின் நடுவில் ஊமையாகிவிடும். சில ஆண்டுகளில் அதன் மின்கலம் தளர்ந்துபோகும்; மாற்றுவது எளிதன்று. ஒரே விலையில் கம்பியுள்ளதும் கம்பியில்லாததும் இருந்தால் கம்பியுள்ளதில்தான் பணம் ஒலிக்குச் செல்கிறது. இல்லை, புளூடூத்தான் வேண்டும் என்றால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்றைக் காட்டும் சிரிம் முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளுக்கு நம் நாட்டில் அது தேவை.

பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்களைக் கண்டு மயங்கவேண்டாம். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 20 முதல் 20,000 அதிர்வு வரைதான். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். எனவே அந்த எண்களைப் பெட்டியில் போடாத தயாரிப்பாளரே இல்லை. அதனால் தரம் தெரியாது. ஓம் என்ற அளவு மட்டும் கொஞ்சம் பயனுடையது. 16 அல்லது 32 ஓம் என்று இருந்தால் கணினியே அதனை நன்கு இயக்கும். 250 ஓம் என்று ஒருவர் பழைய கருவியை மலிவாகக் கொடுத்தால், அது ஒலிப்பதிவுக் கூடத்துக்குரியது, தனி ஒலிமிகைப்பி இல்லாமல் முணுமுணுக்கும் என்று அறிந்து விலகுங்கள்.

இரவுச் சந்தையில் ‘1,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று எழுதிய சிறு ஒலிபெருக்கிகளைக் கண்டிருப்பீர்கள். கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். இரண்டரை வாட் உள்ளே போய் ஆயிரம் வாட் வெளியே வருமா? ஒரு மங்கில் விழுந்த பாலைப் பத்து வாளியாக அளந்து காட்டுவது போன்ற கணக்கு இது. நல்ல செய்தி என்னவெனில், சிறு அறைக்கு அந்த இரண்டு வாட்டே போதும். அதைவிட நல்ல செய்தி, வீட்டில் பழைய வானொலிப் பெட்டியோ தொலைக்காட்சியோ இருந்து அதில் ஒலி உள்ளீட்டுத் துளை இருந்தால், சில வெள்ளிக் கம்பி ஒன்றால் அதையே கணினிக்கு ஒலிபெருக்கியாக்கலாம். ஒலியளவைக் குறைத்து வைத்துவிட்டு இணையுங்கள்.

கடையில் சோதித்துப் பாருங்கள். பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். காதை நெரித்தால் ஒரு மணி நேர வகுப்பைத் தாங்காது. செருகியின் அடிப்பக்கம் கம்பியை மெல்ல வளைத்துப் பார்த்து, ஒலி விட்டு விட்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள். மலிவுக் கருவிகள் முதலில் அறுவது அந்த இடத்தில்தான். ‘இரைச்சல் நீக்கும்’ என்று பெட்டி சொன்னால், யாருக்கு நீக்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஒலிவாங்கியைச் சொல்வது. அதாவது நம் வீட்டுச் சேவல் கூவுவது ஆசிரியருக்குக் குறைவாகக் கேட்கும், நமக்கு அல்ல. ஒலிவாங்கி வாய்க்கு நேரே இல்லாமல் உதட்டோரத்தில் இரு விரற்கடை தள்ளி நிற்கவேண்டும். நேரே வைத்தால் மூச்சுக்காற்று மோதும். காதுமெத்தை துணியாக இருப்பது நம் வெப்பத்துக்கு நல்லது. செயற்கைத் தோல், புழுக்கத்தில் ஓரிரு ஆண்டில் செதில் செதிலாக உரிந்து காதில் ஒட்டும்.

முதன்முதலில் நன்கு பயன்பட்ட ஹெட்போனை 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்தார் என்றும், அந்நாட்டுக் கடற்படை அதனை வாங்கிற்று என்றும் படித்திருக்கிறோம். சமையலறையில் பிறந்த பொருளுக்கு இத்தனை ஆடம்பர விளக்குகள் எதற்கு என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இனிக் காதைப் பற்றி. கருவி கெட்டால் வேறு வாங்கலாம். செவியின் உட்பகுதியிலுள்ள நுண்ணிய உணர்மயிர்கள் சிதைந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரியவர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம், குழந்தைகட்கு அது 75 டெசிபல் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி 90 டெசிபலுக்கு ஏறினால் பெரியவர்க்கே வாரத்துக்கு நான்கு மணி நேரந்தான். டெசிபலை எப்படி அளப்பது என்பீர்கள். ஒலியளவை 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். கை நீளத் தொலைவில் நின்று அம்மா கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்கவேண்டும்.

ஆலைகளிலும் இயந்திரக் கூடங்களிலும் பணிபுரியும் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். 2019ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு உச்ச அளவு 85 டெசிபல். அந்த இரைச்சலில் பகலெல்லாம் நின்ற காது அன்றைக்குரிய பங்கை ஏற்கெனவே வாங்கிக்கொண்டது. மாலையில் வீடு திரும்பியதும் உரத்த பாட்டைக் காதுக்குள் விடவேண்டாம். வேலையிடத்தில் கொடுக்கும் காதடைப்பானுக்குப் பதிலாக ஹெட்போனை மாட்டிக்கொள்வதும் தவறு.

மரம் சீவுகிறவர்கள் இருட்டில் இரு காதையும் அடைத்துக்கொண்டு நிரையில் இறங்குவதை அண்மையில் கண்டோம். கிளை முறிகிற ஓசையும், பன்றி வருகிற சலசலப்பும், பக்கத்து நிரையிலிருந்து ஒருவர் கூப்பிடுகிற குரலும் கேட்கவேண்டிய இடம் அது. பாட்டு வேண்டுமெனில் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்து மெல்ல ஒலிக்கவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது அதுவும் வேண்டாம்.

வாங்கிய கருவி பழுதாக இருந்து கடைக்காரர் கையை விரித்துவிட்டால்? ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்று பலகை தொங்கினாலும், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமையை அந்தப் பலகை பறித்துவிட முடியாது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தாராத கடையில் ஐந்து வெள்ளி குறைவு என்றாலும் வாங்காதீர்கள்.

மேசைமேல் இரண்டு கணினிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் ஒரே துளை, மற்றதில் பச்சையும் இளஞ்சிவப்பும். வீட்டிலிருந்து ஹெட்போன் கொண்டுவந்தவர்கள் வந்து செருகிப் பார்க்கலாம்; பேசுவதைப் பதிவு செய்து உங்களுக்கே போட்டுக் காட்டுவோம். பள்ளிப் பிள்ளைகள் முதலில் வரட்டும்.