சினைப்பையும் மரபணுவும்



பெண்களின் சினைப்பையில் தோன்றும் ஒரு கோளாறைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். நெடுங்காலம் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். முகத்தில் ரோமம் அரும்பியதற்காகக் கேலிக்கு ஆளாகி, கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்த மாணவிகளைக் கண்டிருக்கிறேன். மாதவிலக்குத் தவறினால் வாய்க்கட்டு இல்லை என்றும், மணமானபின் குழந்தை பிறக்கத் தாமதித்தால் அவள் ராசி என்றும் வீட்டார் பேசக் கேட்டிருக்கிறேன். இப்பழி எத்துணை அநீதியானது என்பதை இன்றைய விஞ்ஞானம் தெளிவுபடுத்துகிறது.

1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவென்தால் என்னும் இருவர் 7 பெண்களின் நோய் வரலாற்றை வெளியிட்டனர். அவர்களுடைய சினைப்பைகள் பருத்து, உள்ளே சிறு சிறு கட்டிகள் போன்றவை நிறைந்திருந்தன. ஆயினும் அவை கட்டிகள் அல்ல. முட்டையைப் பொதிந்து வளரத் தொடங்கி, முதிராமல் நின்றுவிட்ட நுண்பைகளே. ஆகவே 'நீர்க்கட்டி' என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை.

அவை ஏன் முதிரவில்லை? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். என்பது சினைப்பையின் தீகா உயிரணுக்களை ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுகிறது, எஃப்.எஸ்.எச். என்பது நுண்பையை முதிரச் செய்கிறது. இக்கோளாறு உடையோர் பலரிடம் முன்னது மிகுந்தும் பின்னது ஒப்பளவில் குறைந்தும் காணப்படும். இன்சுலினும் இதில் சேர்கிறது. உடல் அதற்குச் சரிவர இணங்காதபோது கணையம் அதனை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி, சினைப்பையில் ஆண்ட்ரோஜனைப் பெருக்குவதோடு, டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் ஆக்குவதையும் குறைத்துவிடுகிறது. முகரோமமும் பருவும் இதன் விளைவுகளே.

இனி மரபணுவுக்கு வருவோம். ஒரு பள்ளியின் எல்லா அறைகளிலும் ஒரே நூல் இருக்க, அறைக்கு அறை வெவ்வேறு பாடம் வாசிக்கப்படுவதாகக் கொள்ளுங்கள். நம் உயிரணுக்களும் அவ்வாறே. எந்தப் பாடம் எத்தனை முறை வாசிக்கப்படுகிறது என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். இக்கோளாறுள்ள பெண்களின் தீகா உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, கலத்தில் பல தலைமுறை வளர்த்துப் பார்த்தனர். உடலைவிட்டு நீங்கிய பின்னும் அவை ஆண்ட்ரோஜனை மிகுதியாகவே ஆக்கின. அதனை ஆக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்கள், குறிப்பாக சி.ஒய்.பி. 17 என்பது, அங்கே அளவுக்கு மீறி வாசிக்கப்பட்டன.

2011ஆம் ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர்கள் பல பெண்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, 9ஆம் குரோமோசோமிலுள்ள டென்டி1ஏ என்னும் மரபணுப் பகுதிக்கு இந்நோயோடு தொடர்பு இருப்பதைக் கண்டனர். 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெக்காலிஸ்டர் அம்மையாரும் அவர் குழுவினரும் அம்மரபணுவின் ஒரு வடிவத்தை நல்ல தீகா உயிரணுக்களில் மிகுதிப்படுத்தினர்; அவை நோயுற்றவை போலவே நடந்துகொண்டன. நோயுற்றவற்றில் அதனை அடக்கினர், ஆண்ட்ரோஜன் குறைந்தது.

இதனால் நாம் பெறும் படிப்பினை யாது? கோளாறு அப்பெண்ணின் நடத்தையால் வந்ததன்று. பரம்பரை என்றவுடன் தாயையும் குற்றம் சாட்டலாகாது. 9ஆம் குரோமோசோம் தந்தையிடமிருந்தும் வருகிறது. ஒரே ஒரு மரபணுவால் இந்நோய் உண்டாவதுமில்லை. பல மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் கூடியே உண்டாக்குகின்றன. எனவே இதைத் தலையெழுத்து என்று கைவிடவும் வேண்டா. உணவில் ஒழுங்கும் நாள்தோறும் உடலுழைப்பும் இன்சுலின் மிகுதியைத் தணிக்கும். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் முட்டை வெளிப்படச் செய்யவும் மருந்துகள் உண்டு. இந்நோயுற்ற பெண்கள் பலர் தாய்மையடைந்திருக்கின்றனர். ஒல்லியான பெண்களுக்கும் இது வரும் என்பதையும், கவனியாது விட்டால் நீரிழிவுக்கு இடமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பூப்பெய்திய தொடக்கத்தில் மாதவிலக்குச் சில காலம் முன்பின்னாக வருவது இயல்பு. இளம்பருவத்தில் ஸ்கான் படத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. ஆயினும் மாதக்கணக்கில் விலக்கு நின்றாலும், ரோமம் மிகுந்தாலும், மகளைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் வெட்கமின்றித் தன் உடலைப் பற்றி வீட்டில் பேச முடிந்தால், சிகிச்சையில் பாதி முடிந்ததற்கு ஒப்பாகும்.