கொடையும் ஒப்பந்தமும்

திருமலையின் அடிவாரத்தில், திருப்பதி நகரில், 1954-ஆம் ஆண்டு ஸ்ரீ வேங்கடேசுவர சர்வகலாசாலை தோன்றிற்று. அதற்கு நிலமும் பொருளும் உதவியது திருமலை திருப்பதி தேவஸ்தானம். 1939-இல் தேவஸ்தானம் தொடங்கிய கீழ்த்திசைக் கலை ஆராய்ச்சி நிலையமும் 1956-இல் அச்சர்வகலாசாலையின் வசம் வந்து சேர்ந்தது. தேவஸ்தானத்தின் பொருள் எங்கிருந்து வந்தது? மலையேறி வந்த மக்கள் உண்டியலில் இட்ட காணிக்கைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அக்காசில் இட்டவர் பெயர் இல்லை. ஒன்றும் வேண்டாமலா இட்டார்கள்? வேண்டித்தான் இட்டார்கள், ஆனால் வேண்டியது வேங்கடவனிடம், பேராசிரியரிடம் அன்று! ஆராய்ச்சியின் முடிவு இன்னவாறு இருத்தல் வேண்டும் என்று அவர்களுள் ஒருவரும் கேட்டதில்லை.

தொழிலதிபர் கொடையிலும் இத்தகைய மரபு நம்மிடம் உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். அதன் பயனாக 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. கொடுத்த அன்றே அது தேசத்தின் சொத்தாயிற்று.

இன்று பொதுச் சர்வகலாசாலைகளை நாடிவரும் தொழிற்சாலைப் பணம் கொடை அன்று; அஃது ஒப்பந்தம். இன்ன கேள்வியை ஆராய்க, இத்தனை மாதத்திற்குள் முடித்துத் தருக, பயனில் எமக்கு இவ்வளவு பங்கு என்று எழுதிக் கையொப்பமிட்டு வருவது. இதனைத் தீது என்று ஒதுக்கிவிட இயலாது. 2020-21-ஆம் ஆண்டில் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 0.64 பங்கே. 2023-இல் சட்டமியற்றி அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியத்திற்கு ஐந்தாண்டுத் திட்டம் 50,000 கோடி ரூபாய். அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றே கணக்கிட்டார்கள். ஆகவே அரசாங்கமே தொழிலதிபர் வாசலை நோக்கி நடக்கச் சொல்கிறது. நடப்போம், எந்த ஓலையில் கையொப்பமிடுகிறோம் என்பதை வாசித்துவிட்டு நடப்போம்.

வாசியாமல் ஒப்பமிட்டால் நேர்வது யாது என்பதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு செய்தி போதும். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை ஒரு பொதுச் சர்வகலாசாலை. அங்கே பெட்டி டாங் என்னும் மருந்தியல் அறிஞர் 1987-இல் ஒரு மருந்துக் கம்பெனியின் பொருளுதவியோடு ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். தைராய்டுச் சுரப்பிக் குறைவுக்கு அக்கம்பெனி விற்ற சிந்திராய்டு என்னும் மருந்தை, விலை குறைந்த வேறு மூன்று மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தன் மருந்தே சிறந்தது என்று தெரியவரும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு. ஆராய்ச்சி 1990-இல் முடிந்தது. நான்கு மருந்துகளும் ஒரே தரத்தன என்பது முடிவு!

கம்பெனி அதன்பின் அந்த ஆராய்ச்சியைக் குறை கூறத் தொடங்கிற்று. ஆயினும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை அக்கட்டுரையை ஏற்றுக்கொண்டது. 1995 ஜனவரி இதழில் வெளியாக இருந்தது. அப்போதுதான் ஒப்பந்தத்திலிருந்த ஒரு வரியைக் கம்பெனி எடுத்துக் காட்டிற்று: எமது எழுத்து மூலமான சம்மதமின்றி எதையும் வெளியிடலாகாது. வழக்கு வந்தால் துணை நிற்க இயலாது என்று சர்வகலாசாலையின் சட்ட அறிஞர்கள் கைவிரித்தனர். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. செய்தி பத்திரிகைகளில் அடிபட்ட பிறகே, 1997 ஏப்ரலில், அது அச்சேறிற்று. இடைப்பட்ட ஆண்டுகளிலெல்லாம் நோயாளிகள் அதிக விலையுள்ள மருந்தையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதில் அறிஞரின் நேர்மைக்குக் குறைவில்லை, ஆராய்ச்சியில் பிழையில்லை. ஒரு வரி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இதை நம் ஊருக்குக் கொணர்ந்து பார்ப்போம். சித்தூர்ச் சீமை மாம்பழச் சீமை. கிளிமூக்கு என்று நாம் வழங்கும் தோதாபுரி மாங்காய் அங்கே தோப்புத் தோப்பாக விளைந்து, கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை வீழ்ந்து, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருதல் வேண்டும் என்று ஆந்திர அரசு வகுக்க நேர்ந்தது. இத்தகைய இடத்தில் ஓர் ஆலை முன்வந்து, மாங்கூழைப் பற்றி ஆராய்க என்று சர்வகலாசாலைக்குப் பணம் தருவதாகக் கொள்வோம். கூழின் நிறம் மாறாதிருக்க வழி யாது என்பது ஆலையின் கேள்வி, நல்ல கேள்வியே. காயெல்லாம் ஒரே சமயத்தில் பழுத்துவிடாமல் தள்ளிப்போட வழி உண்டா என்பது குடியானவனின் கேள்வி. அதற்கு யார் பணம் தருவார்? தவிரவும், ஆராயப் புகுந்த மாணவன், ஆலையின் கழிவுநீர் அண்டையிலுள்ள கிணறுகளைக் கெடுக்கிறது என்று கண்டுவிட்டால், அவன் அதை எழுதலாமா, கூடாதா? ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இதற்கு விடை இருத்தல் வேண்டும். கண்டபின் கேட்டால் காலங் கடந்துவிடும்.

ஆகையால் சர்வகலாசாலையின் ஆட்சிக் குழுவினர், தொகை எவ்வளவு என்று கேட்குமுன் வெளியீட்டு உரிமை யாருடையது என்று கேட்பது நலம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வசதியாக முப்பது நாளோ அறுபது நாளோ கையெழுத்துப் பிரதியை ஆலை முன்னதாகப் பார்க்கட்டும், அது நியாயமே. அதற்குமேல் தடுக்கும் உரிமை அதற்கு வேண்டாம். வழக்கு வந்தால் ஆசிரியருக்கான வழக்கறிஞர் செலவைச் சர்வகலாசாலையே ஏற்கும் என்று எழுதிவைத்தல் வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று நூல்நிலையத்தில், விரும்புவோர் பார்க்குமாறு இருக்கட்டும். கம்பெனியின் தொழில் இரகசியம் ஏதேனும் இருப்பின் அப்பகுதியை மட்டும் மறைக்கலாம். தொகையையும் ஷரத்துகளையும் மறைப்பானேன்? இவ்வாறு கேட்டால் பணம் தருவோர் ஓடிவிடுவர் என்று சிலர் அஞ்சுகின்றனர். சிலர் ஓடலாம். உண்மையான சோதனையை விரும்பும் ஆலை ஓடாது. தன் பொருளைப் பற்றி நடுநிலையாளர் கூறும் சொல்லுக்குச் சந்தையில் மதிப்புண்டு என்பதை அது அறியும்.

மாணவனின் ஆய்வுரையைப் பற்றி ஒன்று. பட்டத்திற்காக எழுதிய ஆய்வுரையைக் கம்பெனியின் பேழையில் பூட்டிவைத்தால், அவன் உழைத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வெளியில் காட்ட ஒரு தாளும் இராது. சம்பளம் பெறும் ஆசிரியர் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விடுவார். உபகாரச் சம்பளத்தில் காலந்தள்ளும் அவன் எங்கே போவான்? மற்ற ஷரத்துகளில் பேரம் பேசலாம். மாணவன் ஆய்வுரையை மறைக்கும் ஷரத்து இருந்தால் அந்தத் தொகையைத் திருப்பி அனுப்பிவிடுவதே முறை.