டிப்ஸ் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும்



இன்று நாம் பேச வந்த விஷயம் வேறு. ஆனால் கூட்டம் துவங்குமுன் இவ்வூர்த் தோழர் ஒருவர் தமது செல்போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். மாதம் 1000 ரூபாய் கட்டினால் எந்தக் கிரிக்கெட் டீம் ஜெயிக்குமென்று தினமும் முன்கூட்டியே சொல்லுகிறார்களாம். ஐந்து நாள் இனாமாகச் சொன்னார்களாம்; ஐந்தும் பலித்ததாம். "பணம் கட்டலாமா?" என்று கேட்கின்றார். இவர் ஜோசியரைக் கண்டால் சிரிக்கின்றவர். இவரே கேட்பதால்தான் இதைப் பேசத் துணிந்தோம்.

ஐந்தும் பலித்தது வாஸ்தவமாகவே இருக்கட்டும். இங்கிலாந்தில் டெரன் பிரவுன் என்ற வித்தைக்காரர் 2008-ல் டெலிவிஷனில் ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு பெண்மணிக்கு வரிசையாக ஐந்து குதிரைப் பந்தயங்களில் ஜெயிக்கும் குதிரை இன்னதென்று முன்னதாகவே அனுப்பினார், ஐந்தும் ஜெயித்தன. அந்தம்மாள் அடுத்த பந்தயத்திற்குக் கடன் வாங்கியும் பணம் கட்டத் துணிந்துவிட்டார். பிறகு அவரே ரகசியத்தை வெளியிட்டார். முதலில் 7776 பேருக்கு எழுதி, அவர்களை ஆறு பங்காக்கி, பங்குக்கொரு குதிரையைச் சொன்னார். ஜெயித்த பங்கு 1296 பேர். அவர்களை மறுபடியும் ஆறாக்க 216. அப்புறம் 36, பிறகு 6, கடைசியில் ஒருவர். அந்த ஒருவர்தான் அந்தப் பெண்மணி. தோற்ற 7775 பேரை யார் விசாரித்தார்கள்?

கிரிக்கெட்டிலோ இரண்டே டீம். 32 பேருக்கு எழுதினால் ஒருவருக்கு ஐந்தும் பலித்துவிடும். 32,000 பேருக்கு எழுதினால் ஆயிரம் பேருக்குப் பலிக்கும். நமது தோழரும் அந்த ஆயிரத்தில் ஒருவராயிருக்கலாமல்லவா?

நிற்க. அவன் மோசக்காரனல்ல, யோக்கியன்தான் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். சமபலமுள்ள இரு டீம்களில் எதன்மேல் 100 ரூபாய் கட்டினாலும் ஜெயித்தால் புக்கி 190 தருகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வாங்கிய 200-ல் 10 அவனுக்கு நின்றுவிடுகிறது. மாதம் 20 பந்தயத்திற்கு 2000, டிப்ஸ் கட்டணம் 1000, ஆக 3000 ரூபாய் கையைவிட்டுப் போகின்றது. பதினைந்து ஜெயித்தாலும் திரும்புவது 2850தான். பதினாறு ஜெயித்தால் லாபம் 40 ரூபாய்! இருபதுக்குப் பதினாறு சொல்லத் தெரிந்தவனுக்கு உங்கள் ஆயிரம் ரூபாய் எதற்கு?

"நூறுக்குப் பதில் ஆயிரமாகக் கட்டினால் பன்னிரண்டு ஜெயித்தாலே லாபமாயிற்றே" என்பீர்கள். ஆம், ஆனால் எட்டுதான் ஜெயித்தால் அந்த மாதம் 5800 ரூபாய் நஷ்டம். கட்டணம் சிறிதாகத் தோன்றவேண்டுமானால் பந்தயம் பெரிதாக வேண்டும். ஆள் பிடித்துக் கொடுக்கும் டிப்ஸ்காரனுக்கு, அந்த ஆள் தோற்கும் பணத்தில் பங்கு தரும் பந்தயக் கம்பெனிகளும் உண்டு என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

கணக்கினால் ஜெயித்தவர்களே இல்லையென்று நாம் சொல்லவில்லை. பில் பெண்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஹாங்காங்கில் கம்ப்யூட்டர் கொண்டு குதிரைப் பந்தயக் கணக்குப் போட ஆரம்பித்தார். முதலில் நஷ்டப்பட்டுப் பின்பு ஏராளமாகச் சம்பாதித்தார். அவர் அந்தக் கணக்கைக்கொண்டு தாமே பந்தயம் கட்டினாரேயொழிய, ஊரார் செல்போனுக்கு மாதச்சந்தாவில் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. விற்றுப் பிழைத்தவர் மொனோலுலு. இங்கிலாந்துப் பந்தய மைதானங்களில் தலையில் இறகு சூடி, தம்மை அபிசீனியத் தலைவரென்று சொல்லிக்கொண்டு, குதிரைப் பெயரை உறையிலிட்டு விற்றவர். உண்மையில் அவர் மேற்கிந்தியத் தீவுக்காரர். பெயரை வெளியே சொன்னால் குதிரை தோற்றுவிடும் என்று வேறு சொல்லுவாராம். மந்திர உபதேசம் செய்கிறவர்களின் நிபந்தனையும் இதுதானே!

தவிரவும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025-ம் வருஷத்துச் சட்டம் நம் நாட்டில் தடுத்திருக்கின்றது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமோ பந்தய ஒப்பந்தமே செல்லாதென்கிறது. ஜெயித்த பணத்தைப் புக்கி தர மறுத்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவீர்கள்?

தோழரைக்கொண்டு அந்த ஆசாமிக்கு இரண்டு வரி எழுதச் சொன்னோம். "இதுவரை சொன்ன டிப்ஸ் முழுவதையும், தோற்றவற்றையும் சேர்த்து, தேதியோடு அனுப்பும். கட்டணத்தை லாபம் வந்தபின் வாங்கிக்கொள்ளும்" என்று. இதுவரை பதில் இல்லை. இனி நாம் பேச வந்த விஷயத்திற்கு வருகின்றோம்.