டர்போவுக்கு ஒரு கதவு



செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். உடனே வேகம் வருவதில்லை. புகைக்குழாயிலிருந்து கரும்புகைதான் குபுகுபுவென்று கிளம்புகிறது. சற்று நேரம் கழித்து மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்கிறது. அதன் பிறகே வண்டி வலுவோடு ஏறுகிறது. இந்தத் தாமதம் ஏன்? இதைக் குறைக்கப் பட்டறைகளில் சிலர் தாமாகவே செய்து பொருத்தும் கதவு எப்படி வேலை செய்கிறது? அதில் ஆபத்து உண்டா? இவற்றை இன்று காண்போம்.

விறகு அடுப்பு புகைந்தால் நம் வீட்டுப் பெண்கள் ஊதுகுழலை எடுத்து ஊதுவார்கள். காற்று கிடைத்ததும் புகை அடங்கி, நெருப்பு பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்கு அந்த ஊதுகுழல்தான் டர்போ சார்ஜர். ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். மற்றது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளும். வீணாகப் போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முழு வேகத்தில் இச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகள்வரை சுழலக்கூடும்.

தாமதத்தின் காரணம் இப்போது விளங்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிவரும் புகை குறைவு. ஆகவே சக்கரம் வேகமாகச் சுழல்வதில்லை, காற்றும் போதவில்லை. காற்றுப் போதாமல் எரியும் டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது. காற்று வந்தால்தான் புகைக்கு வேகம். புகைக்கு வேகம் வந்தால்தான் காற்று. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன.

இதற்கு என்ன வழி? செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீர் அதிகமாவதில்லை, ஆனால் வேகமாகப் பீறிட்டுத் தூரத்தில் விழும். புகையையும் அப்படியே செய்யலாம்.

ஆறு சிலிண்டர் உள்ள பல லாரி எஞ்சின்களில் முன் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு வழியாகவும், பின் மூன்றின் புகை மற்றொரு வழியாகவும் டர்போவுக்குள் நுழைகிறது. இவ்விரு வழிகளுக்கு முன்னால் தடித்த இரும்பு வளையம் ஒன்றை வைத்து, ஒரு வழியில் மட்டும் தட்டுக்கதவு பொருத்துகிறார்கள். கதவு மூடியிருக்கும்போது ஆறு சிலிண்டர்களின் புகையும் ஒரே வழியாக நெருக்கிக்கொண்டு பாய்கிறது. சக்கரம் விரைவில் வேகம் பிடிக்கிறது. பிறகு கதவு திறந்து, இரு வழிகளும் வேலை செய்கின்றன. கதவுக்கு முன்பாக நடுச்சுவரை வெட்டி, புகை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று சிலிண்டர்கள் மூச்சுத் திணறிப்போகும்.

கேட்பதற்கு எளிதுதான். ஆனால், நேயர்களே, மூடுவதைவிடத் திறப்பதுதான் இந்தக் கதவின் முக்கியமான வேலை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது கதவு மூடியே கிடந்தால் என்ன ஆகும்? புகை வெளியேற முடியாமல் வெப்பம் ஏறும், பிஸ்டன்கூட உருகலாம். டர்போவும் தாங்காத வேகத்தில் சுழலும்.

டர்போ தள்ளும் காற்றின் ஒரு பகுதியைச் சிறு குழாய் வழியே கொண்டுவந்து, அதன் அழுத்தத்தால் கதவைத் திறப்பது வழக்கம். அந்தச் சிறு குழாய் அறுந்துவிட்டால்? விவரம் தெரிந்தவர்கள் கதவின் அச்சுக் கம்பியை நடுவில் வைக்காமல் சற்று ஓரமாக வைப்பார்கள். அப்போது புகையின் அழுத்தமே அகலமான பக்கத்தைத் தள்ளித் திறக்கும். மூடிப் பிடிக்கும் சுருள்வில் உடைந்தாலும் கதவு திறந்தே நிற்கும். பழையபடி தாமதம் இருக்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது வெப்பம். பாரத்துடன் மேடு ஏறும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 600, 700 பாகை செல்சியஸைத் தொடலாம். சாதாரண இரும்புத் தகடு அந்தச் சூட்டில் செதில் செதிலாக உதிரும். அச்சுக் கம்பி விரிந்து இறுகிக்கொள்ளும். திருகாணி ஒன்று கழன்று உள்ளே போனால், சுழலும் சக்கரம் நொறுங்கும். டர்போவில் ஓடும் எஞ்சின் எண்ணெய் காற்று வழியில் புகுந்தால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். சூடான குழாயில் அந்த எண்ணெய் சிந்தினால் தீப்பிடிக்கும். அந்த லாரியில் இருப்பவர் ஒரு குடும்பத்தின் தகப்பனார் அல்லவா?

இறக்கத்தில் வேகம் குறைக்க உதவும் புகைத்தடைக் கதவு பல லாரிகளில் டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் கழற்றி முன்னால் வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அது புகை வழி முழுவதையும் அடைப்பதற்காகச் செய்யப்பட்டது.

ஆகவே கதவு செய்ய நினைக்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கிறதா? டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பு தளர்ந்திருக்கிறதா? டர்போவுக்கு முன்னுள்ள இணைப்பில் புகை கசிந்து கரி படிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடும். சரிசெய்ய ஆகும் செலவும் குறைவு. புதிய லாரிகள் பலவற்றில் புகை வழியைத் தானே சுருக்கி விரிக்கும் டர்போ வந்துவிட்டது; அவற்றுக்கு இக்கதவு தேவையே இல்லை.

பழைய வண்டியில் செய்துதான் ஆகவேண்டும் என்றால், உலோகமும் வெல்டிங்கும் நன்கு அறிந்தவரைக் கொண்டு செய்யுங்கள். சாலையில் ஓடும் வண்டியானால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் ஸ்பேனர் பிடிக்கும் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பொருளைச் செய்யும்போது, "இது கெட்டுப்போனால் எந்த நிலையில் நிற்கும்?" என்று கேட்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனே நல்ல மெக்கானிக்.