கப்சாய் ஓட்டிய தாத்தாவும் சிட்டி வாங்கிய பேரனும்



செலண்டார் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறையிடம் போய் ‘ஹோண்டா’ என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் நினைவுக்கு முதலில் வருவது கார் அல்ல. பின்னால் பால் தோம்பைக் கட்டி, முன்னால் பிள்ளையை நிற்க வைத்து, செம்மண் பாதையில் போன சின்ன மோட்டார் சைக்கிள்தான் வரும். அதற்கு நாடு முழுவதும் ‘கப்சாய்’ என்று பெயர். ஹோண்டாவின் ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லான ‘சாய்’ சேர்ந்து உருவான பெயர் இது. இன்று எந்த நிறுவனத்தின் சின்ன மோட்டாராக இருந்தாலும் நமக்கு அது கப்சாய்தான்.

தாத்தா கப்சாய் ஓட்டினார். அப்பா தவணையில் புரோட்டோன் சாகா வாங்கினார். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்ட பேரன் ஹோண்டா சிட்டி வாங்க நினைக்கிறான். புதிது வாங்க வசதி இல்லையென்றால் பத்துப் பதினைந்து ஆண்டு பழையதாவது வாங்க வேண்டும் என்கிறான். ஏன் என்று கேட்டால், ‘ஹோண்டா கெட்டுப் போகாது’ என்று ஒரே பதில்தான் வருகிறது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதை எதுவரை நம்பலாம்? இன்றைக்கு இந்த இரண்டையும் பார்ப்போம்.

சோய்ச்சிரோ ஹோண்டா 1906ஆம் ஆண்டு, ஜப்பானில் ஹாமாமாட்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை கொல்லர். சைக்கிள் பழுது பார்க்கும் வேலையும் செய்தார். மகன் பதினைந்து வயதில் தோக்கியோவுக்குப் போய், ‘ஆர்ட் ஷோக்காய்’ என்ற பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் போமனிடம் தொழில் பழகிய பையன்.

பின்னர் இஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் வளையத்தைத் தயாரிக்க முனைந்தார். டோயோட்டா நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே 50 வளையங்களைச் சோதித்ததில் தேறியவை மூன்றே மூன்று. வேறு ஒருவராக இருந்தால் சோதித்தவர்கள் மேல் பழி போட்டிருப்பார். இவரோ அதற்கு முன்பே, வளையம் சரியாக வராத தொடக்கக் காலத்திலேயே, தம்முடைய உலோகத்தை ஒரு பேராசிரியரிடம் காட்டியவர். அதில் சிலிக்கான் போதவில்லை என்று அவர் சொன்னார். தமக்கு உலோகவியல் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, முதலாளியாக இருந்த அந்த மனிதர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பில் போய் உட்கார்ந்தார். கல்வித் தகுதி போதவில்லையே என்று மனம் தளரும் நம் பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். அவர் போனது பட்டம் வாங்க அல்ல, வளையம் ஏன் உடைகிறது என்று தெரிந்துகொள்ள.

போர்க்காலத்தில் அவருடைய தொழிற்சாலை ஒன்று குண்டுவீச்சில் அழிந்தது. 1945 ஜனவரியில் வந்த நிலநடுக்கம் மற்றொன்றைச் சாய்த்தது. மிஞ்சியதை டோயோட்டாவிடமே விற்றார். போருக்குப் பிறகு ஜப்பானில் பேருந்தும் இரயிலும் நிரம்பி வழிந்தன. இராணுவம் கைவிட்ட சிறு மின்னாக்கி இஞ்சின்களை 1946இல் சைக்கிளில் பொருத்தி விற்றார். இன்றைய பெருநிறுவனத்தின் ஆரம்பம் அந்தச் சைக்கிள்தான். ஹோண்டா மோட்டார் நிறுவனம் 1948 செப்டம்பரில் பதிவானது. அடுத்த ஆண்டு தாக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். ஹோண்டா இஞ்சினைப் பார்த்துக்கொண்டார், ஃபுஜிசாவா பணத்தையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டார். கூட்டுத் தொழில் செய்து பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் நிறையப் பேரை நாம் பார்த்திருக்கிறோம். இந்த இருவரும் 1973இல் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள்.

1958இல் வந்தது சூப்பர் கப். நான்கு வீச்சு இஞ்சின், 49 சி.சி. கிளட்ச் பிடி கிடையாது. காலால் கியர் மாற்றினால் போதும். ஜப்பானில் நூடல்ஸ் கொண்டுபோகும் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதை மனத்தில் வைத்து அப்படிச் செய்தார்கள். உட்காரும் இடத்துக்கு முன்னால் தாழ்வாக வழி விட்டிருந்ததால் பாவாடை கட்டியவர்களும் எளிதாக ஏறினார்கள். சேறு காலில் தெறிக்காமல் முன்னால் ஒரு மறைப்பு. நூடல்ஸ் பையனுக்காகச் செய்த ஒவ்வொன்றும் ரப்பர் தோட்டத்துக்காகவே செய்தது போல் அமைந்துவிட்டது! சாரோங் கட்டியவரும் சேலை கட்டியவரும் ஏறலாம், தோம்பு கட்டலாம், சேற்றிலும் போகலாம். 2017க்குள் உலகம் முழுவதும் 10 கோடி கப் வகை மோட்டார்கள் தயாராகிவிட்டன.

அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து சிறுவனாகப் பிழைக்க வந்து, வாகனப் பட்டறையில் வேலை பழகியவர் அவர். 1958இல் ஜப்பான் போனபோது இந்த மோட்டாரைப் பார்த்தார். இரு பட்டறைப் பையன்களுக்கும் பேச்சு ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. பிறகு மலாயா முழுவதும் ‘பூன் சியூ ஹோண்டா’ என்பதே பெயராயிற்று.

கார் மட்டும் தாமதமாகத்தான் வந்தது. 1960களின் தொடக்கத்தில், புதிய நிறுவனங்கள் கார் தயாரிக்க வருவதைக் கட்டுப்படுத்த ஜப்பானிய அரசு ஒரு சட்டம் கொண்டுவர முயன்றது. ஹோண்டா அதைக் கடுமையாக எதிர்த்தார். கதவு மூடுவதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் 1963இல் ஒரு சிறு லாரியையும் ஒரு விளையாட்டுக் காரையும் விற்பனைக்கு விட்டார். அந்தச் சட்டம் கடைசியில் நிறைவேறவே இல்லை.

உலகம் திரும்பிப் பார்த்தது 1972இல். கார்ப் புகையிலுள்ள நச்சு வாயுக்களை 1975க்குள் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்கா 1970இல் சட்டம் போட்டது. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் முடியாது என்று கையை விரித்தன. ஹோண்டாவின் இளம் பொறியாளர்கள் சி.வி.சி.சி. என்ற இஞ்சினை உருவாக்கினார்கள். முதன்மை அறைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை வைத்து, அதில் பெட்ரோல் அதிகமுள்ள கலவையைப் பற்ற வைத்தார்கள். அந்தத் தீ, பெரிய அறையில் இருக்கும் பெட்ரோல் குறைந்த கலவையை முழுமையாக எரித்தது. புகையைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பெரிய நிறுவனங்களை எட்டிப் பிடிக்க இது நல்ல வாய்ப்பு என்று ஹோண்டா பேசியபோது, தாங்கள் உழைப்பது நிறுவனத்துக்காக அல்ல, சமுதாயத்துக்காக என்று அந்த இளைஞர்கள் அவரிடமே சொன்னார்களாம். ஒதுங்கிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று தமக்கு அப்போது தோன்றியதாக அவரே பின்னாளில் சொன்னார். 1991இல் அவர் மறைந்தார்.

இனி மலாக்காவுக்கு வருவோம். ஹோண்டா மலேசியா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அமைந்தது. அலோர் காஜா பகுதியில் பெகோ தொழிற்பேட்டையில் 2003 முதல் கார்கள் தயாராகத் தொடங்கின. 2014இல் இரண்டாவது உற்பத்திப் பிரிவும் சேர்ந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத்து இளைஞர்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே நிரந்தரச் சம்பளம் கிடைக்கும் இடங்களில் பெகோவும் ஒன்றாயிற்று. செலண்டார் சாலையில் ஓடும் ஒரு சிட்டியின் கதவை, அதே மாநிலத்துப் பிள்ளை ஒருவன் பொருத்தியிருக்கக்கூடும்.

சரி, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? இஞ்சினைக் குறை சொல்பவர் அரிது. எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகிறது என்பார்கள். விற்கப் போனால் நல்ல விலை கிடைக்கிறது என்பது அடுத்த சந்தோஷம். சின்னக் கார் என்றாலும் உள்ளே இடம் தாராளம், கோயில் திருவிழாவுக்குக் குடும்பமே ஏறிப் போகலாம். குறைகளும் உண்டு. சாலை இரைச்சல் உள்ளே கேட்கிறது, தகரம் மெல்லியது, அசல் உதிரிப்பாகங்களின் விலை கையைக் கடிக்கிறது என்கிறார்கள். தோட்டப் பாதையின் மேடு பள்ளத்தில் அடிப்பாகம் இடிக்கிறது என்பது நம்மவர்களின் தனிப் புகார். 2011 முதல் 2013 வரை ஹைபிரிட் கார்களுக்கு அரசாங்கம் வரிவிலக்கு கொடுத்தபோது ஆசையாக வாங்கியவர்களில் சிலர், பின்னர் பேட்டரி மாற்றும் செலவைக் கேட்டு மலைத்துப் போனார்கள். சாதாரணக் காரின் முகப்பில் சிவப்பு ‘எச்’ சின்னத்தை ஒட்டிக்கொண்டு அதைப் பந்தயக் காராக்கிவிட்ட தம்பிகளின் கருத்தை இங்கே சேர்க்கவில்லை!

இந்தப் புகார்கள் எல்லாம் பணத்தோடு போகும். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய ஹோண்டா வாங்கியவர்கள் பேச்சில் அது அதிகம் அடிபடுவதில்லை.

ஜப்பானைச் சேர்ந்த தக்காத்தா என்ற நிறுவனம் பல கார் நிறுவனங்களுக்குக் காற்றுப்பை செய்து கொடுத்தது. கார் மோதியதும் ஒரு சிறு உலோகக் குப்பிக்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து, கண் இமைக்கும் நேரத்தில் பையை ஊதச் செய்யும். தக்காத்தா அதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஆண்டுக் கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அந்தப் பொருள் கெட்டு, தேவைக்கு மீறிய வேகத்தில் வெடிக்கிறது. உலோகக் குப்பியே சிதறி, துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் மார்பிலும் பாய்கின்றன. காப்பாற்ற வேண்டியதே கத்தியாகிவிடுகிறது. வெப்பமும் ஈரமும் என்றால் நம் நாட்டின் பன்னிரண்டு மாதமும் அதுதானே?

2014 ஜூலையில் சரவாக்கில் ஒரு விபத்து. பெரிய மோதல் அல்ல. 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியை ஓட்டிய கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். இந்தக் காற்றுப்பைக் கோளாற்றால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்த முதல் மரணம் என்று அது பதிவானது. அதற்குப் பிறகும் நம் நாட்டில் உயிர்கள் போயின. உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பல நிறுவனங்களின் கார்கள் அதில் அடங்கும். 2017 ஜூனில் தக்காத்தா நொடித்துப்போனது. ஹோண்டா மலேசியா பாதிக்கப்பட்ட கார்களை அழைத்து, இலவசமாகவே மாற்றிக் கொடுக்கிறது. சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கோர்ட், சி.ஆர்-வி ஆகியவற்றில் பல ஆண்டுத் தயாரிப்புகள் அந்தப் பட்டியலில் உள்ளன.

இலவசம் என்றால் எல்லாரும் மாற்றியிருப்பார்களே என்று நினைக்கலாம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அழைப்புக் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குப் போகிறது. நம்மவர்கள் வாங்கும் பழைய கார், கோலாலம்பூரில் ஒருவர், சிரம்பானில் ஒருவர் என்று கை மாறி மூன்றாவது ஆளாகத்தான் செலண்டாருக்கு வருகிறது. பெயர் மாற்றாமல் உறவினர் பெயரிலேயே ஓடுவதும் உண்டு. வீடு மாறியவரின் பழைய லயத்து முகவரிக்கு வந்த கடிதத்தை யார் பிரித்துப் பார்ப்பார்? இஞ்சின் நன்றாக ஓடுவதால் ஏஜென்சிக்குப் போகும் தேவையும் வருவதில்லை. பக்கத்துப் போமனே எண்ணெய் மாற்றிவிடுகிறார். ஓடும் காரில் காற்றுப்பையின் கோளாறு சத்தமும் போடாது, விளக்கும் காட்டாது. ‘ஹோண்டா கெடாது’ என்ற அதே நம்பிக்கைதான் அந்தக் காரைச் சோதனைக்குக் கொண்டுபோக விடாமல் தடுக்கிறது.

பழைய கார் வைத்திருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். காரின் கிராண்டை எடுங்கள். அதில் சேஸி எண் இருக்கும். அதை ஹோண்டா மலேசியாவின் இணையப் பக்கத்தில் பதித்தால், உங்கள் காருக்கு அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இணையம் பழக்கமில்லை என்றால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பது பிரச்சினை இல்லை. வேறு நிறுவனத்தின் பழைய கார் என்றால் அந்த நிறுவனத்திடம் இதே கேள்வியைக் கேளுங்கள். செலவு மிச்சம் பிடிக்கப் பழைய இரும்புக் கடையில் கழற்றிய ஸ்டீயரிங்கை வாங்கி மாட்டியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதிலுள்ள காற்றுப்பை எந்தக் காரிலிருந்து வந்தது என்று உங்கள் சேஸி எண் சொல்லாது.

மாற்றி முடித்ததும் கொடுக்கும் தாளைக் கிராண்டோடு சேர்த்து வையுங்கள். நாளைக்குக் காரை விற்கும்போது, வாங்குபவர் கையில் சாவியோடு அந்தத் தாளையும் கொடுங்கள்.